கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் நவீன ஓவியக் கண்காட்சி பார்க்க எங்கே போவது?

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகிக் கும்பகோணத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள். அங்கே சனி, ஞாயிறுகளில் கேலரிகளுக்குப் போய்ப் பழக்கம். இங்கே கோயிலையும் அருங்காட்சியகத்தையும் விட்டால், இன்று வாழ்கிறவர்கள் செய்யும் ஓவியம், சிற்பம் பார்க்க இடம் உண்டா, நான் பார்த்ததில் மனசில் நின்றது எது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நவீன ஓவியம் பாதி புரிவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துக்காரன். எங்கே கண்காட்சி நடந்தாலும் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், வெள்ளைச் சுவரும் ஏசியும் வைத்த தனியார் கேலரியை எதிர்பார்த்துத் தேடினால் ஏமாற்றம்தான். இங்கே கண்காட்சி ஊர்த் திருவிழா மாதிரி வரும், சில நாள் இருக்கும், பந்தல் பிரித்ததுபோலப் போய்விடும். எப்போது வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

முதல் இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கவின் கலைக் கல்லூரி என்ற பெயரில் தமிழ்நாட்டில் அரசு நடத்துபவை இரண்டு. ஒன்று சென்னையில், 1850-ல் தொடங்கியது. இன்னொன்று கும்பகோணத்தில், சுவாமிமலை போகும் சாலையில். (மாமல்லபுரத்தில் இருப்பது மரபுச் சிற்பத்துக்கும் கட்டடக் கலைக்குமான கல்லூரி, அது தனி.) ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று மூன்று துறைகள். கல்வியாண்டு முடிகிற வாக்கில் மாணவர்கள் வருஷம் முழுக்கச் செய்ததைக் காட்சிக்கு வைப்பார்கள். வேறெங்கும் போக முடியாவிட்டாலும் அந்த நாட்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பகுதியில் புதிதாக என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தக் கல்லூரியின் பரம்பரையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. பத்திரிகை ஓவியத்தில் ஒரு தலைமுறையின் கண்ணையே பழக்கிய கோபுலு, 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணத்தில்தான் ஓவியம் படித்தார். உப்பிலியப்பன்கோவிலில் பிறந்த ஓவியர் வீர சந்தானம் 2017-ல் மறைந்தார். ஈழப் போரில் இறந்தவர்கள் நினைவாகத் தஞ்சாவூரை ஒட்டிய விளாரில் 2013-ல் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்களில் அவருடைய கை உண்டு. கோட்டில் அழுகையை எப்படி நிறுத்துவது என்று அவரிடம்தான் பார்க்க வேண்டும். செம்புத் தகட்டில் வேலை செய்த வித்யாசங்கர் ஸ்தபதி இந்தக் கல்லூரியில் பணியாற்றியவர். அப்புறம் கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பலிலிருந்து வந்த ஓவியர் இளையராஜா. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன், ஏனென்றால் இன்றைக்கு இங்கே எந்த ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தாலும் அவர் அங்கே இருக்கிறார்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, 1986-ல் வந்தது. நாட்டுப்புறக் கலை விழாக்களும் கைவினைச் சந்தைகளும் அங்கே அதிகம், நடுவில் ஓவியர் முகாம்களும் காட்சிகளும் நடக்கும். கலை பண்பாட்டுத் துறைக்கு மண்டல அலுவலகங்கள் உண்டு, அவர்கள் நடத்தும் ஓவிய, சிற்பக் காட்சிகளில் தரம் ஏறி இறங்கித்தான் இருக்கும், ஆனாலும் போய்ப் பாருங்கள். மற்றபடி, நாலைந்து நண்பர்கள் சேர்ந்து லாட்ஜ் மினிஹாலையோ கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தையோ வாடகைக்கு எடுத்துப் போடும் காட்சிகள்தான். செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும். மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள், வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஒரு மாணவரைப் பழக்கம் பிடித்துக்கொண்டால் போதும், அடுத்தடுத்த தகவல் தானாக வரும்.

போகிற நேரம் பற்றி ஒரு வார்த்தை. திறப்பு விழா அன்று போகாதீர்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து படத்தைப் பார்க்க ஆரம்பிக்கும்போது கூடத்தைப் பூட்ட வந்துவிடுவார்கள். ரெண்டாம் நாள் மத்தியானம் போங்கள். ஓவியர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பார். நீங்கள் போனதே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், மணிக்கணக்காகப் பேசுவார். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காட்சிகள் குறைவு. காரணம் மழையில் கூட்டம் வராது என்பது மட்டுமில்லை. இந்த ஈரத்தில் காகிதம் நெளிந்துவிடும், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பூஞ்சை கட்டும்.

இனி மனசில் நின்றவை.

டெல்டாவில் நான் பார்த்தவற்றில் ஓவியத்தைவிடச் சிற்பம்தான் பலமாக இருக்கிறது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கல்லூரியிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரம் போனால் சுவாமிமலை. அங்கே இன்றும் மெழுகு வார்ப்பில் பஞ்சலோகச் சிலை செய்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அதில் உருவத்தைப் பிடிக்கிறார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல் மண். மாவாக அரைத்த அந்த மண்தான் நகக்கண்ணையும் நெற்றிச் சுட்டியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் கரடான மண், கம்பிக் கட்டு, மறுபடி மண். காய்ந்தபின் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் 2023-ல் ஜி20 மாநாட்டுக்காக நிறுத்திய 27 அடி நடராஜர் இங்கே செய்ததுதான்.

இதையெல்லாம் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நவீன சிற்பம் செய்யும்போது என்ன ஆகும்? ஒரு மாணவர் கண்காட்சியில் பார்த்த வேலையைச் சொல்கிறேன். தரையில் கித்தான் சாக்கு விரித்து, உடைத்த அச்சின் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். கரி படிந்த மண் ஓடுகள், முறுக்கிய கம்பிகள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு துண்டின் உட்புறம் முழங்கால் ஒன்று பள்ளமாகப் பதிந்திருந்தது. இன்னொன்றில் காதோரத்து முடி. சிலையைக் காணோம். சிலை இருந்த இடத்தின் உட்பக்கத்தை மட்டும் வைத்திருந்தார்.

நான் நிற்கும்போது பெரியவர் ஒருவர் வந்தார். பட்டறையில் வேலை செய்தவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. குனிந்து, அந்த முழங்கால் துண்டை வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணு நல்லா பிடிச்சிருக்கு தம்பி. முதல் பூச்சு யாரு போட்டது?"

"நான்தான் அய்யா."

"அப்ப உருவத்தையும் கொண்டாந்து வெச்சிருக்கலாமே?"

"வேண்டாம்னு தோணுச்சு அய்யா."

பெரியவர் மறுபடி குனிந்து பார்த்தார். "ஆமா, இதுலயே தெரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு நகர்ந்தார்.

அந்தப் பேச்சில் 'இது என்ன அர்த்தம்' என்ற கேள்வியே வரவில்லை, கவனித்தீர்களா? பெரியவர் முதல் பூச்சைக் கேட்டார். பிறகு சிலையைக் கேட்டார். பையன் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவ்வளவில் அந்த வேலை அவருக்குப் புரிந்துவிட்டது. உங்கள் 'பாதி புரிவதில்லை'க்கு எனக்குத் தெரிந்த பதில் இந்த வரிசைதான். எதனால் செய்தது, கை எப்படி நகர்ந்தது, எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அர்த்தம் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும்.

உலோகத் தகட்டு வேலையிலும் இதே கதைதான். சென்னைச் சிற்பி பி.வி. ஜானகிராம் (1930–1995) செம்புத் தகட்டை அடித்து வளைத்து, மேலே வெல்டிங்கில் கோடு இழுத்து, முன்பக்கம் மட்டும் பார்க்கிற சிற்பங்களைச் செய்தார். கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசம்தான் அதற்கு முன்மாதிரி. கவசத்துக்கு முதுகு கிடையாது. அந்த வழியைக் கும்பகோணத்து மாணவர்கள் இன்றும் பிடித்திருக்கிறார்கள். பாத்திரக் கடைத் தெருவும் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் அது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு வேலையில் பழைய பித்தளைக் குடங்களைப் பிரித்து, தகடாக்கி, ஓர் ஆள் உயரப் பெண்ணுருவம் செய்திருந்தார்கள். ஈயம் பூசிய உட்புறத்தைத்தான் வெளியே காட்டியிருந்தார்கள். ஒடுக்கு விழுந்த இடங்களைத் தட்டி நேர் செய்யவில்லை. ஒரு குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த பெயர், அந்தப் பெண்ணின் தோளில் தலைகீழாகக் கிடந்தது. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அந்தச் சிற்பத்தின் முன்னால் பெண்கள் நின்ற நேரமும் ஆண்கள் நின்ற நேரமும் ஒன்றாக இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம், ஃபைபரில் வார்த்து வெண்கல நிறம் அடித்த உருவங்கள் நிறைய வருகின்றன. செலவு குறைவு, தூக்குவது சுலபம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஃபைபரை ஃபைபராகவே காட்டலாமே என்று எனக்குத் தோன்றும். உலோகத்தின் கனத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஊரில் அந்த வண்ணம் யாரையும் நம்ப வைப்பதில்லை.

ஓவியத்துக்கு வருகிறேன். இளையராஜா கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தவர், 2021-ல் கொரோனாவில் இறந்துபோனார். நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. கிராமத்து வீட்டின் உள்ளே, கதவு வழியாகவும் ஓட்டுக்கூரை இடுக்கு வழியாகவும் விழுகிற வெளிச்சத்தில் பெண்களை வரைந்தார். புகைப்படம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஓவியமே பார்க்காத வீடுகளில்கூட அவருடைய படம் காலண்டராகவோ செல்போன் முகப்பாகவோ போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களின் கறுத்த தோலை இவ்வளவு மரியாதையாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் பின்னால் வந்தவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பாவாடை தாவணி, பித்தளைக் குடம், திண்ணை, மல்லிகைப்பூ என்று அவருடைய படத்திலிருந்த சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள், வெளிச்சத்தை விட்டுவிட்டார்கள். செல்போனில் எடுத்த படத்தை வைத்து வரைந்தால் உடனே தெரிந்துவிடும். நிழல் எல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டு நிற்கும், நிழலுக்குள் ஒன்றும் இருக்காது. இளையராஜாவின் நிழலுக்குள் பார்த்தால் சுவரின் சுண்ணாம்பு உரிந்தது தெரியும், பானையின் வட்டம் தெரியும். அந்த மாதிரிப் படம் மாட்டியிருந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், மூலையில் இருக்கிற இருட்டைப் பாருங்கள். அங்கேதான் ஓவியர் உழைத்திருக்கிறாரா என்று தெரியும்.

இந்த வரிசையில் எனக்கு நம்பிக்கை தந்த படமும் ஒன்று உண்டு. ஒரு மாணவி தன் அம்மாவை வரைந்திருந்தார். கோ-ஆப்டெக்ஸ் புடவை கிடையாது, நைட்டி, தோளில் துண்டு. பின்னால் பத்தாயம் இருந்த இடத்தில் ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வருகிற வெள்ளை வெளிச்சம் அம்மாவின் கழுத்து வரை ஏறியிருந்தது. இளையராஜாவிடமிருந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு, வீட்டைத் தன் வீடாக வைத்துக்கொண்டார். அந்தப் பெண் தொடர்ந்து வரைய வேண்டும்.

அடுத்து அச்சுப்படங்கள். எல்லாரும் கடந்துபோய்விடுகிற மூலை அது. சின்னதாக, கறுப்பு வெள்ளையில், கீழ் வரிசையில் மாட்டியிருப்பார்கள். லினோலியத் தகட்டிலோ மரப் பலகையிலோ செதுக்கி, மையிட்டு, காகிதத்தில் ஒற்றி எடுப்பது ஒரு வகை. உலோகத் தகட்டை அமிலத்தில் அரிக்கவிட்டு எடுப்பது எட்சிங். படத்தின் கீழே பென்சிலில் 3/10 என்று போட்டிருந்தால், அந்தத் தகட்டிலிருந்து எடுத்த 10 பிரதிகளில் இது மூன்றாவது என்று பொருள். ஜெராக்ஸ் இல்லை அது, ஒவ்வொன்றும் கையால் அழுத்தி எடுத்தது. கறுப்பு வெள்ளை நம் பக்கத்தில் பலமான மரபு. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-ல் பிறந்த கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டில் காந்தியைப் பேனாக் கோட்டில் வரைந்து குவித்தார், சிறுபத்திரிகை அட்டைகளில் அவர் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே ஒரு மாணவர் லினோவில் செதுக்கிய ராத்திரி நேரத்து மோட்டார் கொட்டகை எனக்கு மறக்கவில்லை. ஒரு பல்பு, அவ்வளவுதான் வெள்ளை. மற்ற இருட்டு முழுக்க மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். கிட்டப் போனால் உழுத சால். மும்முனை மின்சாரம் நடுராத்திரி வரும் என்று காத்துக் கிடந்தவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அப்படிச் செதுக்க வரும்.

தஞ்சாவூரில் 'ஓவியக் கண்காட்சி' என்று பலகை பார்த்தால் பெரும்பாலும் தஞ்சாவூர் ஓவிய விற்பனையாக இருக்கும். பலாப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து எழுப்பிய புடைப்பு, கல், தங்கத் தகடு. தொழில் சுத்தமாகச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள், நீங்கள் தேடுவது அது இல்லை. ஒரே ஒரு தடவை ஒருவர் தங்கம் ஒட்டாமல், கல் பதிக்காமல், வெறும் வெள்ளைப் புடைப்போடு பலகையை நிறுத்தி மாட்டியிருந்தார். கிருஷ்ணனின் கன்னம் எழும்பி வந்த விதம் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வேலை முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

கோடு என்று சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நெல் காயப்போடுகிற தார்ப்பாயின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிய சிக்குக் கோலம் வரைந்து ஒரு பெண் ஓவியர் சுவர் நிறையத் தொங்கவிட்டிருந்தார். தார்ப்பாயில் ஒட்டுப் போட்ட இடங்கள் அப்படியே இருந்தன. பார்க்க வந்த அம்மா ஒருவர் தள்ளி நின்று, காற்றில் விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார். கடைசியில் திரும்பி, "ஏம்மா, இந்த இடத்துல சேரலயே?" என்றார். நிஜம்தான், ஒரு ஒட்டுக்குப் பக்கத்தில் கோடு மூடாமல் நின்றது. ஓவியர் சொன்னார்: "அங்க எங்க நெலத்த வித்துட்டோம்மா." அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே இருந்த கல்லூரிக்காரர்களில் ஒருவர்கூடக் கோடு சேராததைக் கவனித்திருக்கவில்லை, நானும்தான். தினம் வாசலில் கோலம் போடுகிறவருக்கு அது முதல் பார்வையிலேயே பட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு நவீன ஓவியம் புரியாது என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இதனால்தான்.

இன்ஸ்டலேஷன் என்கிற, கூடத்தையே வேலையாக மாற்றுகிற வகையில் இங்கே தோல்விகள் அதிகம். வெடித்த வயல் மண்ணைத் தட்டில் கொண்டுவந்து வைத்து, மேலே ஒரு காய்ந்த செடி. பக்கத்தில் 'காவிரி' என்று அட்டை. இந்தப் படத்தைச் செய்தித்தாளில் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! உணர்ச்சி உண்மைதான், பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்காத ஜூன் 12 எப்படி இருக்கும் என்று வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் தெரிந்ததையே தெரிந்தபடி வைத்தால் பார்க்கிறவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

நன்றாக அமைந்ததும் ஒன்று சொல்கிறேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர், விழுந்த தென்னைகளைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில் மை பூசி, வேட்டித் துணியில் ஒற்றி எடுத்திருந்தார். தேக்கை அறுத்தால் வளையம் தெரியும், வயசு எண்ணலாம். தென்னைக்கு வளையம் கிடையாது, நாரின் புள்ளிகள்தான். துணியில் வட்ட வட்டமாக ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொரு வட்டத்தின் கீழும் தோப்புக்காரர் பெயரும் ஊரும் பென்சிலில். வேட்டிகளைச் சுவரில் மாட்டவில்லை, வீட்டுக் கொல்லையில் காயப்போடுவதுபோலக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். நடுவில் நுழைந்து போக வேண்டும். வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடினார்கள், கண்டுபிடித்ததும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பேச்சு சத்தமாகவே இருந்தது, துக்க வீட்டில் இருக்கிற மாதிரி, நெல் களத்தில் இருக்கிற மாதிரி, ரெண்டும் கலந்து. அந்தத் துணிகள் இப்போது எங்கே மடித்துக் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஏனென்றால் அவற்றை வாங்கி வைக்க இங்கே ஓர் இடம் இல்லை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் 1951-ல் வந்தது, சோழர் கால வெண்கலங்களுக்கு அதைப்போல வேறு இடம் கிடையாது. ஆனால் போன ஐம்பது வருஷத்தில் இந்த மண்ணில் பிறந்தவர்கள் செய்ததை ஒன்றாக, நிரந்தரமாகப் பார்க்க டெல்டாவில் ஒரு கூடம் வேண்டும். தியாகராஜருக்கு ஆராதனை என்றால் தை மாதத்தில் திருவையாற்று ஆற்றங்கரையில் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்கிற கூட்டம் நம்மிடம் இருக்கிறது. கேட்கப் பழகிய ஊர் பார்க்கவும் பழகும், கூடத்தைத் திறந்து வைக்க வேண்டும், நல்ல விளக்குப் போட வேண்டும். இப்போது பெரும்பாலும் டியூப்லைட் வெளிச்சம்தான், கண்ணாடி போட்ட படத்தில் உங்கள் முகமும் டியூப்லைட்டும்தான் தெரியும். படத்தின் கீழே பெயர் எழுதுகிறவர்கள் எந்த வண்ணம், எந்தக் காகிதம் என்று எழுதுவதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதனால் கேளுங்கள்.

சரி, நீங்கள் ஒரு நாள் ஒதுக்கினால் எப்படிப் போவது என்று சொல்கிறேன். கல்லூரிக் காட்சி நடக்கிற நாளாகப் பார்த்து, காலையில் முதலில் சுவாமிமலைக்குப் போய்விடுங்கள். பட்டறைகளில் கேட்டால் உள்ளே விடுவார்கள், வார்ப்பு ஊற்றுகிற நாள் அமைந்தால் பாக்கியம். அதைப் பார்த்த கண்ணோடு கல்லூரிக்கு வந்து சிற்பத் துறையில் ஆரம்பியுங்கள். முற்றத்தில், மரத்தடியில் நிறுத்தியிருப்பதையும் விட்டுவிடாதீர்கள், நல்ல வேலைகள் பல அங்கேதான் நிற்கும். மத்தியானத்துக்கு மேல் ஓவியமும் அச்சும். இன்னொரு நாள் கிடைத்தால் திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தைப் பாருங்கள். முசுகுந்தன் கதையை வரிசை வரிசையாக எழுதி, ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் குறிப்பும் எழுதி, சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையும் பதித்திருக்கிறார். படத்துக்குள் எழுத்து வைக்கிற இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பாட்டன் முறை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் இருக்கின்றன, பொதுவாக உள்ளே விடமாட்டார்கள்.

குழந்தைகள் இருந்தால் கூட்டிப் போங்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வரையப் பிடிக்கிறது என்று தெரிந்தால் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவிய வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, வாங்குவது பற்றி. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பெரிய கேன்வாஸ் வாங்க வசதியும் சுவரும் எல்லாருக்கும் இருக்காது. மாணவர் அச்சுப்படம் ஒன்று பெரும்பாலும் ஒரு நல்ல வேட்டி சட்டை வாங்குகிற காசுக்குள் கிடைத்துவிடும். பேரம் பேசாதீர்கள். கையெழுத்தும் பிரதி எண்ணும் பென்சிலில் இருக்கிறதா என்று பார்த்து, ஓவியரின் பெயர், ஊர், வருஷத்தைத் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுருட்டிக் கொண்டுவர பிவிசி பைப் துண்டு ஒன்று வண்டியில் வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அவர்களே நியூஸ்பேப்பரில் சுற்றித் தருவார்கள், அந்த மை படத்தில் ஒட்டும். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், பின்பக்கத்தை டேப் போட்டு அடைக்கச் சொல்லுங்கள். ஆற்றோரத்து வீடு என்றால் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், உள்சுவரில் மாட்டுங்கள். கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு தடவை இறக்கிப் பின்னால் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.